படித்ததுதான் தப்பு

லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் விரலுக்குத்தான் சம்பளம், மூளைக்கு இல்லை. சீமையில் அச்சாகப்போகும் இங்கிலீஷ் அகராதியின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைக் காட்டிவிடும்; தப்பு செய்தவள் மாட்டிக்கொள்வாள். மாதத்தில் மூன்று தப்பென்றால் வேலை போயிற்று. அதனால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: படிக்காதே, பார்த்து அடி.

கார்குழலி இரண்டு வருஷமாகப் படிக்காமல்தான் அடித்தாள். அன்றைக்கு அவள் மகன் பெரியாஸ்பத்திரியில் ஆறாம் நாள் ஜுரத்தோடு கிடந்தான். மில் மூடியதிலிருந்து புருஷனுக்கு நிலையான வேலை இல்லை. மருந்தும் சோறும் இவள் விரலில்தான். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தப்பு.

அப்போதுதான் ‘ட்ரீ’ என்ற வினைச்சொல் வந்தது. மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத, இப்போது அதிகம் பேர் பேசாத சொல். பொருள்: படவேண்டியதைப் பட்டுத் தீர்ப்பது. தலைவிதியை அனுபவிப்பதற்கு ஸ்காட்லாந்தில் இதைத்தான் சொல்வார்களாம். படித்துத் தொலைத்தாள், பாவி. பிள்ளையின் காய்ந்த உதடு கண்ணில் வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்து அனுப்பிய பிறகுதான் பார்த்தாள்: சொல்லின் பிறப்பைச் சொன்ன வரி முழுசாக விட்டுப்போயிருந்தது. அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

டீ நேரத்தில் துர்காவைப் பிடித்தாள். அதே பக்கம் துர்காவிடமும் இருந்தது. அவள் இன்னும் அடிக்கவில்லை.

“நீயும் அந்த வரிய விட்டுடு துர்கா. ரெண்டும் ஒண்ணா இருந்தா மிஷின் காட்டாது.”

துர்கா பி.ஏ. இங்கிலீஷ். திருட்டுத்தனமாகப் படித்து ரசிக்கிறவள். “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்த சொல்லுக்கா அது. கஷ்டத்தத் தாங்குறதுக்கு அப்பவே அதத்தான் சொல்லியிருக்காங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாம பண்றதா?”

“எம்புள்ளைக்காக.”

துர்கா தன் இடத்துக்குப் போய் அந்த வரியை விட்டு அடித்தாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் சக்கரபாணி இரண்டு பேரையும் கூப்பிட்டார். மிஷின் ஒன்றும் காட்டவில்லை; ஆனால் அவர் மூலத்தோடு வைத்து வரிகளை எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்திருந்தது.

“ரெண்டு பேரும் ஒரே வரிய எப்படிம்மா விட்டீங்க? யாரு விடச் சொன்னது? சொன்னவங்க மட்டும் வெளிய போனா போதும்.”

துர்கா கார்குழலியைப் பார்த்தாள். அக்கா தானே ஒத்துக்கொள்வாள் என்று நம்பிய பார்வை அது.

“துர்காதான் சார்,” என்றாள் கார்குழலி.

சொன்ன வாயைத் தைத்துக்கொண்டால் தேவலை போல இருந்தது. துர்கா மறுத்துப் பேசவே இல்லை. டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவள் இவள் நாற்காலியருகே நின்றாள்.

“பையனுக்கு ஜுரம் விட்டுச்சாக்கா?”