கரும்பலகையின் வலப்பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில், மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறை நடுவால் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் மறு பாதி தரை வழியாக மடுவுக்கும் போனது. யாருக்கும் காயமில்லை. கூரைத் தகரம் ஒன்று மட்டும் நெளிந்தது. எட்டு வருடம் கழித்து உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறிய அந்த வகுப்புக்காரரிடம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டால், முதலில் அந்தத் தகரம் எழுப்பிய சத்தத்தைத்தான் சொல்வார்கள்.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பதினைந்து பேர் கத்தோலிக்கர், பதினொரு பேர் முஸ்லிம்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம் ஊர்களுக்குப் போய், எல்லோரும் தீவைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வள்ளங்கள் நிறைந்தன. கடைசி வள்ளம் கரையைவிட்டபோது பள்ளிக்கூடத்தில் பெரிய சத்தம் கேட்டது. அறையின் தெற்குப் பாதி மூன்று சுவர், பிள்ளைகள் உட்காரும் ஏழு வாங்கு, அரைக் கரும்பலகையோடு மணலில் இறங்கி, அலையில் கால் வைத்து, வள்ளங்களுக்குப் பின்னால் போனது. அந்த வகுப்பில் படித்த கைருன்னிசாவின் வாப்பா சாஹுல் ஹமீட் வள்ளத்தின் அணியத்தில் இருந்தபடி அதைத் திரும்பிப் பார்த்தார். தையல்காரரான அவர் மெசினை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். "மெசின் வந்திருக்கலாம்" என்றார். கடற்படைக் கப்பல் ஒன்று விளக்கடித்துப் பார்த்து, கட்டடம் ஒன்று, ஆயுதம் இல்லை என்று பதிந்துகொண்டு போய்விட்டது.

பத்து நாளில் தீவில் சண்டை தொடங்கியது. கத்தோலிக்கக் குடும்பங்கள் மடு மாதா கோவில் காட்டுக்கு ஓடின. பாலம் உடைந்துகிடந்தது. அறையின் வடக்குப் பாதி கடல் வற்று நேரம் பார்த்து நீருக்குள் இறங்கி நடந்து, நாலாம் நாள் பாலை மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. வகுப்பு ஆசிரியை பிரான்சிஸ்கா ரீச்சர் அதைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். பேசாலையைச் சேர்ந்தவர், கணக்குப் படிப்பிப்பவர், எதற்கும் அதிகம் வியக்காதவர். இடாப்பை விரித்து இருபத்தாறு பெயரையும் கூப்பிட்டார். கைருன்னிசாவின் பெயர் வந்தபோது யாரும் பதில் சொல்லவில்லை. ரீச்சர் வரவு என்று அடையாளமிட்டார்.

இரண்டு பாதிகளிலும் ஒரு பக்கம் சுவரில்லை. மடுவிலிருந்தது தெற்கே திறந்திருந்தது, கற்பிட்டியிலிருந்தது வடக்கே. சாஹுல் ஹமீட் மழைக்காக அந்தப் பக்கத்தைத் தென்னங்கிடுகால் அடைத்துப் பார்த்தார். கிடுகு காலையில் மடிந்து மூலையில் கிடந்தது. மூன்றாந்தரமும் அப்படியே ஆனதும் விட்டுவிட்டார்.

கரும்பலகை விசயம் தைமாதம்தான் தெரியவந்தது. பிரான்சிஸ்கா ரீச்சர் பின்னக் கணக்கொன்றை எழுதிக்கொண்டு போனார். எட்டில் ஏழு சக நாலில் மூன்று, சமன் என்று போட்டதும் பலகை முடிந்துவிட்டது. பழக்கத்தில் கை நிற்கவில்லை. எட்டில் பதின்மூன்று என்று காற்றில் எழுதிவிட்டுத் திரும்பினார். அதே நேரம் கற்பிட்டியில், தென்னந்தோட்டத்து முகாமில், கைருன்னிசாவின் கண்ணெதிரே, அரைக் கரும்பலகையில் எட்டில் பதின்மூன்று என்று ரீச்சரின் கையெழுத்து தானாகத் தோன்றி, வெண்கட்டித் தூள் உதிர்ந்தது. மடுவில் கணக்கு இருந்தது, விடை இல்லை. கற்பிட்டியில் விடை இருந்தது, கணக்கு இல்லை. கைருன்னிசாவுக்குப் பதினொரு வயது. மற்றப் பிள்ளைகளையும் இருத்தி, இந்த விடை வரக்கூடிய கணக்குகளை எழுதச் சொன்னாள். மாலைக்குள் நாற்பத்தொரு கணக்கு எழுதினார்கள். அந்தப் பதினொரு பேரும் பின்னாளில் எந்தக் கேள்விக்கும் பயப்படாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று அவர்களே சொல்வார்கள்.

திரும்பப் பதில் அனுப்புவது சிரமமாக இருந்தது. அவர்களுடையது வலப்பாதி. இடமிருந்து வலமாக எழுதினால் எழுத்து அங்கேயே நின்றுவிடும். கைருன்னிசா இரண்டு கிழமை யோசித்தாள். பிறகு உம்மா பழக்கிய அரபுத் தமிழில், அரபு எழுத்தால் தமிழ்ச் சொற்களை, வலமிருந்து இடமாக, பலகை முடிகிற இடத்திலிருந்து காற்றில் எழுதினாள். மடுவில் பலகையின் ஓரத்திலிருந்து வளைந்த எழுத்துக்கள் ஊர்ந்து வந்தன. வகுப்பில் சிங்கராசாவுக்கு மட்டும் அவை பிடிபட்டன. தீவில் அவன் வீடு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில். விளையாடக் கூட்டாளிகள் வரும்வரை குர்ஆன் ஓதற்பள்ளி யன்னலில் தொங்கிக்கொண்டு நின்றே பாதி எழுத்தைப் படித்திருந்தான். விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினான்.

"என்னடா எழுதியிருக்கு?" என்று ரீச்சர் கேட்டார்.

"'விளங்கல்ல, முதல்ல இருந்து சொல்லுங்க டீச்சர்' எண்டு எழுதியிருக்கு."

"ஆர் எழுதினது?"

"ஆர், கைருன்னிசாதான். வேறை ஆர் உங்களை முதல்லை இருந்து சொல்லச் சொல்லுறது?"

அன்றிலிருந்து ரீச்சர் எல்லாவற்றையும் இரண்டுமுறை எழுதினார், பலகையில் ஒன்று, காற்றில் ஒன்று. மடுவில் பதினைந்து பேரும் அரபெழுத்துப் படித்தார்கள். கோவில் பங்குத்தந்தை வந்து பார்த்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். ரீச்சருக்கு மூன்று தரம் இடமாற்றம் வந்தது, மூன்று தரமும் கடிதத்தை மடித்து வாங்கின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். சின்னம்மை, நெருப்புக் காய்ச்சல், அரிசித் தட்டுப்பாடு, தலைக்கு மேலால் போன ஷெல்கள் எல்லாவற்றுக்கும் நடுவே இருபத்தாறு பேரும் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தார்கள்.

மாக்கிறட் என்ற பிள்ளை மட்டும் எட்டு வருடமும் காற்றில் கணக்குத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. ஒருகாலத்தில் அவளும் கைருன்னிசாவும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். மூட்டை முடிச்சோடு கரைக்குப் போன கைருன்னிசா, மாக்கிறட் வீட்டுப் படலையில் நின்று ஒருதரம் கூப்பிட்டாள். ஆயுதக்காரருக்குப் பயந்து அம்மா கதவைச் சாத்தியிருந்தார். மாக்கிறட் கதவுக்குப் பின்னால் நின்றாள். அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தவில்லை. அதுதான் அவளால் மறக்க முடியாதது. அவள் தானாகத்தான் பேசாமல் நின்றாள்.

தொண்ணூற்றெட்டில், உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கல்விக் கந்தோரிலிருந்து தோமஸ் என்ற அலுவலர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், சட்டதிட்டத்தில் கறார். இடாப்பைப் புரட்டிப் பார்த்து முகம் கறுத்தார்.

"ரீச்சர், இல்லாத பிள்ளையள் பதினொரு பேருக்கு எட்டு வருசமா வரவு போட்டிருக்கிறீங்கள். இதை நான் வெட்டவேணும்."

"வெட்டுங்கோ. அதுக்கு முதல் ஒரு கணக்குக் குடுத்துப் பாருங்கோ."

தோமஸ் வெண்கட்டியை எடுத்தார். பட்டப்படிப்பில் கணிதம் செய்தவர் என்பதால் தொகையீட்டுக் கணக்கொன்றை எழுதி, கை வேகத்தில் விடையையும் தானே எழுதிவிட்டார். பிள்ளைகள் சொன்னதற்காக, நம்பிக்கையில்லாமல், காற்றிலும் ஒருமுறை எழுதினார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது ஓரத்திலிருந்து ஒரு வரி வந்தது. சிங்கராசா எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"'மாறிலியை விட்டிட்டீங்க, சேர்.'"

தோமஸ் தன் விடையைப் பார்த்தார். முடிவில் கூட்டவேண்டிய மாறிலி இல்லைத்தான். அதைச் சேர்த்து எழுதிவிட்டு, இடாப்பின் அடியில் கையொப்பம் வைத்தார். இருபத்தாறு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தின் பெயரில் பரீட்சைச் சுட்டெண் வந்தது.

கடைசிப் பாடம் முடிந்த நாளன்று ரீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ஏதாவது எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம் என்றார். சிங்கராசா ஒரு பகிடி எழுதினான். அங்கிருந்து அதைவிட மோசமான பகிடி வந்தது. பிறகு மாக்கிறட் எழும்பி வந்தாள். பலகை முடிகிற ஓரத்தில் நின்று, காற்றில் எழுதினாள்: அண்டைக்கு நீ கூப்பிட்டனி. நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான். வரேல்லை.

எழுதிய கையைக் கீழே போடாமல் நின்றாள். வெளியே பாலை மரத்தில் குரங்குகள் பாய்ந்தன. பதில் வர அரைப் பாட நேரம் எடுத்தது. சிங்கராசா வாசிக்க எழும்பினான், மாக்கிறட் அவனை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே கூட்டி வாசித்தாள்.

"'தெரியும். கதவுக்குக் கீழால உன்ட கால் தெரிஞ்சிச்சு. பயணம் சொல்லத்தான் கூப்பிட்டேன். சொல்லிட்டுத்தான் போனேன், உனக்குக் கேக்கல்ல.'"

மாக்கிறட் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, ரீச்சரின் கதிரையிலேயே இருந்து அழுதாள். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் பரீட்சை மண்டபத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டாள்.

பெறுபேறு வந்தது. பத்தொன்பது பேருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. மாக்கிறட்டும் கைருன்னிசாவும் பேராதனையில் ஒரே விடுதி அறையில் நாலு வருடம் இருந்தார்கள், முதல் மாதம் முழுவதும் சண்டை, யன்னலைத் திறப்பதா மூடுவதா என்று. சிங்கராசா நானாட்டானில் உழவு இயந்திரம் திருத்தும் கடை போட்டு, பெயர்ப் பலகையைத் தமிழ், அரபு இரண்டு எழுத்திலும் எழுதினான். பிரான்சிஸ்கா ரீச்சர் நாலாவதாக வந்த இடமாற்றக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய இடத்துக்கு றோஸ்மேரி என்ற இளம் ஆசிரியை வந்தார். புதிய ஆறாம் வகுப்பு வாங்குகளில் இருந்தது. பிரான்சிஸ்கா ரீச்சர் இடாப்பையும் வெண்கட்டிப் பெட்டியையும் கையளித்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"பலகை முடிஞ்சுது எண்டு கையை நிப்பாட்டிப் போடாதேங்கோ. அங்காலையும் பிள்ளையள் இருக்கினம்."

"ஓம் ரீச்சர்" என்றார் றோஸ்மேரி. அன்று விஞ்ஞானப் பாடம். தவளையின் தலையையும் வயிற்றையும் பலகையில் வரைந்து, ஓரம் வந்ததும் ஒரு எட்டு நகர்ந்து நின்று, பின்னங்கால்கள் இரண்டையும் காற்றில் வரைந்து முடித்தார்.