ஷிஹாத்தாவின் சிறுநீரகம்

இருமல் மருந்து தீர்ந்த குப்பியை இன்ஸாஃப் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஜன்னலில் கவிழ்த்துக் காய வைத்திருந்தாள். இப்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு கழிவறைக்குள் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே அவள் கணவன் ஷிஹாத்தா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான். நூற்பாலையின் பேருந்து ஓட்டுநர்களுக்கு இன்று போதைப் பரிசோதனை என்று அலுவலகத்து எழுத்தர் நேற்றே காதைக் கடித்துவிட்டார். ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் ஓட்டுகிற முதுகுக்கு அந்தச் சிவப்பு மாத்திரை இல்லாமல் முடியாது. ஓட்டுநர்கள் பாதிப்பேர் அதை விழுங்குகிறவர்கள்தான், அந்தப் பாதிப்பேரும் வீட்டுக்காரியின் மூத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள்தான். நைல் டெல்டாவில் இது ஊரறிந்த ரகசியம்.

"முடிஞ்சுதா இல்லையா? பஸ்ஸ எடுக்கணும்."

"வந்தாத்தானே தருவேன். குழாயா, திருப்பி விட?"

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "வயித்துல ஒண்ணும் இல்லையே? பக்கத்து டிப்போவுல ஒருத்தனுக்கு, நீ மாசமா இருக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம்."

இன்ஸாஃபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் ஹாலாவைக் கட்டிக்கொடுத்துப் பேரனும் பார்த்தாயிற்று, இனிமேல் வயிற்றில் என்ன? அவள் உடம்பைப் பற்றி அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. குப்பியின் கழுத்தில் நுரை கட்டியிருந்தது. ஊதிப் பார்த்தாள், அடங்கவில்லை. சில மாதங்களாகவே இப்படித்தான். சோப்புத் தண்ணீர் மிச்சம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மூடியைத் திருகி அவனிடம் நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து வெற்றிக்கொடி நாட்டியவனாக வந்தான். மாத்திரைச் சோதனையில் அவன் பால் போல வெளுப்பு. ஆனால் ஆலைக் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா ராஜியாவுக்கு வேலையில்லையோ என்னவோ, ஓட்டுநர்கள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கெட்டுப்போகிறார்கள் என்று எல்லார் குப்பியிலும் ஒரு சோதனைக் காகிதப் பட்டையை முக்கிப் பார்த்தாளாம். அவனுடைய பட்டை மட்டும் கரும்பச்சையாகிவிட்டதாம். உடம்பில் தங்கவேண்டிய புரதம் ஒழுகுகிறது, சிறுநீரகம் கசிகிறது, சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போ என்றாளாம். டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுகிற மாதிரி செய்து காட்டிச் சிரித்தான். பாதிச் சிரிப்பில் மனைவியின் முகத்தைப் பார்த்தான். மிச்சப் பாதி வரவில்லை.

இன்ஸாஃப் முலுக்கியாக் கீரையைக் கொத்துவதை நிறுத்தியிருந்தாள். அவளுடைய அண்ணன் ஃபுத்தூஹும் நுரையில்தான் ஆரம்பித்தான். பருத்தி எடுத்து முடியட்டும், பார்க்கலாம் என்றான். பருத்தி முடிந்தபோது வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு கட்டிப்போட்டார்கள். கை நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்து, கடைசியில் அரை டம்ளர் தண்ணீருக்குக் குழந்தையாக அழுதான். அந்த அழுகை அவளுக்கு இன்னும் காதில் கிடக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் செய்தி மாடிப்படி ஏறி இறங்கிவிட்டது. ஷிஹாத்தாவுக்குச் சிறுநீரகம் போயிற்றாம் என்று கட்டடமே உச்சுக்கொட்டியது. மேல்மாடிக்காரி ஒரு பானை பார்லித் தண்ணீர் காய்ச்சி அனுப்பினாள். எதிர்வீட்டுக்காரி பார்ஸ்லிக் கீரையை வேகவைத்து வடிகட்டிக் கொண்டுவந்து, வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னாள். மசூதியில் அவனுக்காகத் துஆ கேட்டார்கள். உருட்டுக்கட்டை போலிருந்த மனுஷன் உள்ளறையில் சாய்ந்து உட்கார்ந்து எல்லார் அனுதாபத்தையும் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான், உண்மையைச் சொல்ல முடியுமா? விருந்தாளிகள் போனபின் பானையில் மிஞ்சியதை இன்ஸாஃப் சமையலறையில் நின்றபடியே குடித்தாள். கொஞ்ச நாளாக ரொட்டிகூட வாயில் செம்புக் காசு போல ருசித்தது, பார்லியும் அப்படித்தான் இருந்தது.

ரத்தம் அவனுடைய சொந்த ரத்தம். அதில் குறை ஒன்றும் இல்லை. சிறுநீரகம் வாலிபன் போல வடிகட்டுகிறது என்று முடிவு வந்தது. ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு வந்து மாடிமாடியாகக் கொடுத்தான். லேப்காரன் குளறுபடி என்று எல்லாரிடமும் சொன்னான். கடைசித் துண்டை இன்ஸாஃபிடம் நீட்டினான்.

"ரத்தம் உன்னோடது. மூத்திரம் யாரோடது, ஹாலாவோட அப்பா?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். தெரியாதவனா என்ன? அன்றைக்கே தெரியும். அதன்பின் சொன்னதெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்தது போலிருந்தது. குடும்பத்துக்கு வைத்தியம் ஆலைக் கிளினிக்கில்தான். ஊரில் இருக்கிற ஒரே லேபிலும் சாயங்காலம் உட்காருகிறவன் கிளினிக்கின் அதே லேப்காரன். இந்த வாரம் புருஷனுக்குக் கரும்பச்சை, அடுத்த வாரம் பெண்டாட்டிக்குக் கரும்பச்சை என்றால் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும். வேலை போனால் கிளினிக்கும் போகும். பெருநாள் கழிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். அதுவரை பொறுத்தால் தானே நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னான்.

"எங்கண்ணன் பருத்தின்னான். நீ பெருநாள்ங்கிற."

"நான் உன்ன விட்டுடுவனா இன்ஸாஃப்?" விடமாட்டான் என்று அவளுக்கும் தெரியும். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். அவள் தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக்கடைக்காரர் வருஷக்கணக்காகப் போட்ட ஊசிகளுக்கெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு துணைக்கு வந்தவன் அவன்தான்.

மறுநாள் அவன் பகல் ஷிப்டுக்குப் போனபின் அவள் கறுப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டாள். வாசலில் தன் செருப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், பாதம் நுழையவில்லை. பக்கத்தில் கிடந்த அவன் செருப்பில் காலை விட்டுக்கொண்டு ஆலை வரைக்கும் நடந்தாள்.

டாக்டர் ராஜியா அவளுடைய மகள் வயதுதான் இருப்பாள். என்ன தொந்தரவு என்றதும் இன்ஸாஃப் மடை திறந்ததுபோல் எல்லாவற்றையும் சொன்னாள்: நுரை, செம்பு ருசி, அரிப்பு, அண்ணன், ஊசிகள். குப்பியை மட்டும் விட்டுவிட்டாள். டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தாள். கையில் சுற்றிய பட்டையைத் தளர்த்திவிட்டு மறுபடி பார்த்தாள். ஊசி போட்டுக்கொண்ட அந்தத் தலைவலியே இப்படி ஏறிக்கிடக்கிற அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம் என்றாள். மேலங்கியை உயர்த்தச் சொல்லிக் கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தினாள். எடுத்தபின்னும் பள்ளம் அப்படியே நின்றது. வலி ஊசியை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

"ரெண்டு விஷயம் தெரியணும்மா. எவ்வளவு கசியுது, எவ்வளவு வடிகட்டுது. மொதல்லதுக்கு மூத்திரம், அடுத்ததுக்கு ரத்தம். ஒரு தடவ பாத்துட்டு முடிவு கட்ட முடியாது, மூணு மாசம் கழிச்சும் அப்படியே இருக்கான்னு பாக்கணும். நேரத்துல வந்திருந்தா எவ்வளவோ தள்ளிப் போடலாம்."

"நேரத்துல வந்திருக்கேனா?"

"ரத்தம் சொல்லும்." டாக்டர் அட்டையை இழுத்துக்கொண்டாள். அப்போது அவள் பார்வை கீழே போயிற்று. "யாரோட செருப்பும்மா இது?"

"என் வீட்டுக்காரரோடது. என்னுது பத்தல."

டாக்டர் அந்தச் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பெயர் கேட்டாள். இன்ஸாஃப் தன் பெயரை, தகப்பன் பெயர், பாட்டன் பெயரோடு முழுசாகச் சொன்னாள். இவ்வளவு நீளமாக அதைச் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது.

"வீட்டுக்காரர் இங்க வேலை பாக்குறாரா? பேரு?"

ஜன்னலுக்கு வெளியே ஷிப்டுப் பேருந்து வந்து நின்றது. நூற்புப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக ஷிஹாத்தா இறங்கினான். மேல்மாடிக்காரி இன்னமும் விடாமல் காய்ச்சி அனுப்புகிற பார்லித் தண்ணீர்ப் புட்டி அவன் கையில் இருந்தது. மூடியைத் திறந்தவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். புட்டி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. முற்றத்தின் நடுவில் அப்படியே நின்ற அவனைச் சுற்றிக்கொண்டு பெண்கள் ஆலைக்குள் போனார்கள்.

டாக்டரின் பேனா அட்டைமேல் காத்திருந்தது. இன்ஸாஃப் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இன்னும் மேலே எழும்பவில்லை.