பத்தாம் குழியில் வராத கோடு

அக்காவின் கணவர் கோணிப்பையைப் பிரித்து வாழையின் அடித்தண்டை ஆய்வக மேசைமேல் வைத்ததுமே அவள் குனிந்து பார்த்தாள். வெட்டிய முகத்தில் காப்பித்தூளைத் தூவினாற்போல் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள். நீளவாக்கில் கீறினால் அவை நூல் நூலாக மேலே ஓடும். வாடல் நோய் என்று கீறாமலேயே அவளுக்குத் தெரிந்தது.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி இப்படிப் போகுது? உரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு, அதானே?"

அவள் டாக்டர் இல்லை. பயிர்நோய் ஆய்வகத்தில் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த அன்று மாமா வைத்த பட்டப்பெயர் அது, குடும்பமே பிடித்துக்கொண்டது.

"எந்தத் தோட்டத்து மரம் மாமா இது?"

"மேல் தோட்டம். கீழ்த் தோட்டத்துலேர்ந்து கன்னு எடுத்து வச்சோமே, அது."

மேல் தோட்டம் அதுவரை வாழையையே பார்க்காத மண். அக்காவும் மாமாவும் எட்டு வருஷம் கல் பொறுக்கிப் பண்படுத்திய இடம். ஆறு மாதத்துக்கு முன்னால், கன்று நடும் நேரத்தில், கீழ்த் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்தின் அடியிலைகள் மஞ்சளாகின. மாமா தண்டில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். "வாடல் நோய்ப் பூஞ்சை இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. இருந்தா மேல நடவே மாட்டேன்."

அந்தப் பூஞ்சைக்கு மருந்து கிடையாது. கன்றோடு போகும், செருப்பில் ஒட்டிய மண்ணோடு போகும். ஒரு நிலத்துக்குள் நுழைந்துவிட்டால் இருபது முப்பது வருஷமானாலும் கிளம்பாது. அவள் சோதித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள்: "ஒண்ணும் இல்ல மாமா. பூஞ்சைக் கோடு வரல. சுத்தம்."

இப்போது அவரைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, பழுப்பு நூல்களை மட்டும் சுரண்டியெடுத்து அரைத்தாள். டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தாள். ஒரு குழாயில் அதை அப்படியே விட்டாள். இன்னொன்றில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து விட்டாள். பூஞ்சையின் மரபணு துளி இருந்தாலும் பிசிஆர் எந்திரம் அதைக் கோடி கோடியாகப் பெருக்கிவிடும். பிறகு ஜெல் என்னும் கூழ்ப்பலகையின் குழிகளில் விட்டு ஓடவிட்டால் ஒளிரும் கோடாகத் தெரியும். பக்கத்திலேயே வாழையின் சொந்த மரபணுவுக்கும் ஒரு சோதனை உண்டு. அந்தக் கோடு எந்த வாழைத் துண்டிலும் வந்தே ஆகவேண்டும். வரவில்லையென்றால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள்.

மூன்று மணி நேரம் கழித்து ஜெல்லின் கீழ்ப் புறஊதா விளக்கைப் போட்டாள். தண்ணீர் சேர்த்த குழாயில் இரண்டு கோடுகளும் பளிச்சென்று நின்றன. சேர்க்காத குழாயில் இரண்டுமே இல்லை. ஒரே மரம். வாழைச் சாறு கெட்டியாக இருந்தால், எதையும் பெருக்கவிடாமல் எந்திரத்தின் வாயையே அடைத்துவிடும்; பூஞ்சை இருந்தும் கோடு வராது.

பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து, ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். அவளுடைய பொடி எழுத்து: 'பத்தாம் குழி. தண்ணீர் சேர்க்காத சாறு. பூஞ்சைக் கோடு இல்லை. வாழைக் கோடும் இல்லை. ஜெல்லில் விடும்போது என் கை நடுங்கிச் சிந்தியிருக்க வேண்டும்.'

பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவள் அவள். எது தப்பிப்போனாலும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவாள். அன்றும் அப்படித்தான். வாழைக் கோடு தன் கையால் போயிற்று, பூஞ்சைக் கோடு பூஞ்சை இல்லாததால் வரவில்லை என்று தானே பிரித்துக்கொண்டாள். மறுபடி செய்திருக்கலாம். ஆனால் பதிவேட்டில் ஏறாத, வீட்டு மனிதர் கொண்டுவந்த துண்டு. இன்னொரு முறைக்குச் சோதனை ரசாயனம் வேண்டுமென்று ஆய்வகத் தலைவியான மேடத்திடம் கேட்கக் கூச்சம்.

தாழ்வாரத்துக்குப் போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருக்கு மாமா."

"இப்ப வந்திருக்கு. அன்னிக்கு இல்லைல்ல?"

"அன்னிக்கும் இருந்திருக்கும். சோதனையே நடக்கல. நடக்கலங்கறதை நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

மாமா அவளையே பார்த்தார். "கோடு வரலைன்னு சொன்னியேம்மா?"

"எந்தக் கோடுமே வரல மாமா. வாழைக் கோடுகூட வரல. அப்பவே நான் நின்னு யோசிச்சிருக்கணும்."

"வாழையை வச்சுப் பார்த்துட்டு வாழைகூட இல்லைன்னு வந்துதா?" சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மேல் தோட்டம்?"

"இனிமே அங்க வாழை வராது. உங்க காலத்துல வராது."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம மட்டும் இல்லம்மா," என்றார் மெல்ல. "நட்டது போக மிச்சம் கன்னு கிடந்துது. நம்ம டாக்டரம்மா பார்த்துச் சொன்ன கன்னு, கண்ணை மூடிட்டு நடலாம்னு சொல்லிச் சும்மாதான் குடுத்தேன்."

"யார் யாருக்கு மாமா?"

"பால்காரர் முப்பது எடுத்தார்." கட்டைவிரலை மடக்கினார். "கொல்லர். உங்க அக்காவோட சிநேகிதி, அந்தத் தையல்காரம்மா. பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குப் பத்து. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என் தம்பி..."

ஒரு கை முடிந்தது. குறிப்பேட்டைத் திறந்து அவர் சொன்னதையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். அவர் அடுத்த கையை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தம்பி அவன் எடுத்துட்டுப் போன கன்னுல யாருக்கெல்லாம் குடுத்தான்னு தெரியலையேம்மா," என்றார்.