யாரும் போடாத ஷூ

“என் ஷூவைத் தின்னீங்களா, இல்ல வித்தீங்களா, அதை மட்டும் சொல்லுங்க!” என்று மூன்றாம் மாடிப் பெண் லாய் ஷியூமின் போட்ட சத்தம், எங்கள் சிஞ்சு நகரத்தின் ஓயாத காற்றையும் தாண்டிச் சந்துமுனை வரை கேட்டது. “சத்தியமா நான் தொடலைங்க. அது தானா போயிடுச்சு,” என்றார் நான்காம் மாடி வெங் ஷிகாய். அவர் சொன்னது உண்மை. வெங் எங்கே இருந்தாலும் அங்கே யாருக்கும் பயன்படாத பொருள்கள் விடிவதற்குள் இல்லாமல் போய்விடும். ஏற்கெனவே ஓர் உடற்பயிற்சி சைக்கிளும், யாரும் ஊதாத ஒரு சாக்ஸஃபோனும் போயிருந்தன. அவற்றை ஒருவரும் தேடவில்லை. “பொருளுக்கே இந்தக் கதின்னா ஆளுக்கு என்ன கதியோ,” என்று எதிர்வீட்டு ச்சூ அம்மா மட்டும் முணுமுணுத்தார்.

வெங்கின் தொழிலே அதுதான். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். மாற்றுகிறபோதே, எதற்கும் உதவாத வரிகளைக் கண்டுபிடித்துத் தூக்கி எறியும் பகுதியை எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஒரு சிப் கம்பெனி அவரைக் கொத்திக்கொண்டு போனது. சேர்ந்த வருடமே அவர் இருந்த தளத்தில் இரண்டு துணை மேலாளர் பதவிகள் மறைந்தன. ஆட்கள் மட்டும் காபிக் கோப்பையோடு நடைவழியில் நின்றார்கள். கம்பெனி அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. பிறகு ஒருநாள், இயந்திரங்கள் சமர்த்தாக ஓடும் என்ற இந்த ஊர் நம்பிக்கையில் அவற்றின் தலையில் வைத்திருந்த பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலங்கள் மறைந்தன. யாரும் பிரித்துத் தின்னாத பொரி, அவர் புத்திக்கு வீண். மதியத்துக்குள் இயந்திரங்கள் ஒன்று விடாமல் படுத்துக்கொண்டன. “நீங்க பாடம் எடுக்கப் போகலாமே சார், அதுக்கேத்த முகவெட்டு உங்களுக்கு,” என்று சிரித்துக்கொண்டே பல்கலைக்கழகத்துக்கு வழியனுப்பினார்கள். அங்கே குழுக்கூட்டங்கள் கரைந்தன. பேராசிரியர்கள் தங்கள் ஆய்வுக்கட்டுரைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். எங்கள் கட்டடத்துக்கு அவர் குடிவந்தது அப்போதுதான்.

லாயின் ஷூவையும் யாரும் போட்டதில்லை. தனியாக இருக்கும் பெண் வாசலில் பெரிய ஆண் ஷூ ஒன்றை வைப்பது இங்கே வழக்கம். படியேறி வருகிறவன் உள்ளே ஆம்பிளை இருக்கிறான் என்று நினைத்துத் திரும்பிவிடுவான். எங்களுக்கும் இது தெரியும். தெரிந்தும், அது யாருடைய அளவு என்று யோசிக்காமல் இருந்ததில்லை. ஷூ போனதும் ஒரு தொப்பிக்காரன் சாயங்காலங்களில் வந்து அவள் கதவுப் பிடியைத் திருகிப் பார்க்க ஆரம்பித்தான். கோயில் வாசலில் இறைச்சி உருண்டைச் சூப் விற்கும் லாய், கடையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் போய் ஒண்டவேண்டியதுதான் என்று அழுதாள். வெங் புது ஷூ வாங்கி வைத்தார். விடிந்தால் இல்லை. இன்னொன்று வைத்தார், அதுவும் போயிற்று.

“எனக்குள்ள அது வீண்னு பதிஞ்சுபோச்சுங்க. என்ன செய்ய?”

“மேல்படியில உக்காந்து, அது என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க. கொறிக்கக் கடலை வேணும்னா நான் தரேன்.”

உட்கார்ந்தார். தொப்பிக்காரன் வந்தான். அன்று வைத்த ஷூவைப் பார்த்தான், அதற்குரியவனின் உயரத்தை மனசுக்குள் அளந்தான் போலிருக்கிறது, ஓசைப்படாமல் இறங்கிப் போனான். “வெளிய இருந்து யாராவது பார்ப்பாங்கன்னா, அந்த வரிய தொடக்கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு குறி போடுவோம்,” என்றார் வெங் லாயிடம், மெதுவாக. “இதுக்குப் போடத் தோணல.” மறுநாள் விடிந்தும் ஷூ இருந்தது. ஆனாலும் அவர் அந்தப் படியை விடவில்லை. சாயங்காலமானால் சூப்புக் கிண்ணத்தோடு அங்கேதான். ஷூவுக்குக் காவல் என்றார். நாங்கள் நம்பவில்லை.

அடுத்த வசந்தத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு தெற்கே தைனான் நகரத்தில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். சூப்புப் பானையும் கூடப் போயிற்று, அங்கே வாசலிலேயே கடை, நல்ல ஓட்டம் என்று கேள்வி. இங்கே வேண்டாத சாமான் மாடிப்படி வரை அடைத்துக் கிடப்பதால், புத்தாண்டுக்கு வீடு கழுவுவதற்கு முந்தின நாள் அவர்களை விருந்துக்குக் கூப்பிடுகிறோம். வெங் ஓர் இரவு தங்கினால் போதும். அன்றைக்கு மட்டும் ச்சூ அம்மா, எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும் தன் வீட்டுக்காரர் கையில் ஒரு கூடைப் பூண்டைக் கொடுத்து உரிக்க உட்கார்த்திவிடுகிறார். எதற்கு வம்பு?