பச்சைச் சேலைக் கொடி

ஞானதாஸ் ராஜவேலுவுக்குத் தரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். மகன் ஸ்டீபனைக் கப்பல் வேலைக்குப் படிக்க வைக்க வாங்கியது. ஈஸ்டருக்குள் தீராவிட்டால், பழவேற்காடு ஏரியில் வலை போட ஊர் முறைப்படி ஞானதாஸுக்கு வரும் நாட்களெல்லாம் இந்த வருஷம் ராஜவேலுவுக்குப் போய்விடும். இன்னும் ஒன்பதே நாள். ஸ்டீபனோ படித்து முடித்தும் எட்டு மாதம் கப்பல் கிடைக்காமல் ராஜவேலு படகிலேயே வலை இழுத்துவிட்டு, போன மாதம்தான் கப்பல் ஏறினான். சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை.

அன்று விடிந்ததும் ஞானதாஸும் ராஜவேலுவும் ராஜவேலுவின் படகில் கடலில் இருந்தார்கள். வலையின் ஒரு முனை படகில், மறுமுனை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கொடி கட்டிய மிதவையில். இரண்டுக்கும் நடுவில், வலைக்கு நேராக ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது.

"இன்னா ஞானதாஸு, உம்புள்ளயோட கூட்டாளிங்க வர்றானுங்க. ரெண்டு லட்ச ரூபா வலை. பாத்து அறுக்கச் சொல்லு," என்றான் ராஜவேலு.

ஞானதாஸ் துண்டை ஆட்டி ஆட்டித் தோள் ஓய்ந்தான். வலை போனால் ராஜவேலு பாக்கிக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டான்.

கப்பல் மெல்ல மூக்கைத் திருப்பியது. மிதவைக்கு வெளியே சுற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போனது. பின்னால் சிவப்புக் கொடி, அதன் மூலையில் நம் மூவர்ணம்; இந்தியக் கப்பல்தான்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. ஸ்டீபன்தான். ஞானதாஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"நைனா, அது ராஜவேலு மாமா வலைதான? அந்தக் கப்பல்ல நாந்தான் பார்வை டூட்டில நின்னேன். ஆபீசரு வங்காளி. குப்ப மெதக்குதுன்னாரு. குப்ப இல்ல சார், வலை, அடுத்த முனை தெக்கால படகுல கீதுன்னேன். கேப்டன் சுக்கானத் திருப்பிட்டாரு."

"அவ்ளோ தூரத்துல எப்டிடா கண்டுபுட்ச?"

"முத்தம்மா அத்த ஆறு மாசமாத் தேடுற பச்ச சேலை, நைனா. மாமா எடுத்தாந்து குடுத்தாரு. நாந்தான கொடியாக் கட்டினேன்."

பெண்டாட்டி பேர் காதில் விழுந்ததும் ராஜவேலு பாய்ந்து ஸ்பீக்கரை அணைத்தான். சுற்றிலும் தண்ணீர்தான், கேட்க ஒருவரும் இல்லை. ஞானதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரத்தில் ராஜவேலுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பாக்கிய உடு. தீந்துபோச்சு."

"முழுசாவா?"

"முழுசாதான். உம்புள்ள என் வலையக் காப்பாத்திக் குட்த்தான். ஆனா சேலை சமாச்சாரம் முத்தம்மா காதுக்குப் போவக் கூடாது."

"எந்தச் சேலைண்ணா?" என்று கேட்டுவிட்டு, ஞானதாஸ் வலையை இழுக்க ஆரம்பித்தான்.