கட்டியவர் கையால்

“பச்சை எரியலன்னா எரியலதான். அதுக்கு நான் என்ன பண்ண, ஊதியா விட முடியும்?”

“ஊத வேண்டாம். ஒயரைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.”

“காலையிலேர்ந்து அதைத்தானே பாத்துட்டிருக்கேன். நீ வாங்கின டப்பாவே சரியில்ல.”

இரண்டாம் மாடியில் இப்படிச் சத்தம் கேட்டால் தரைத்தளத்தில் ஒருத்திக்கு எப்படி இருப்புக்கொள்ளும்? ஒரு சட்டையின் பட்டனை நானே பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தைக்கக் கொடுக்கும் சாக்கில் மேலே ஏறினேன்.

அவர் லிப்ட் மெக்கானிக். லிப்டே இல்லாத எங்கள் கட்டிடத்தில் குடியிருப்பவர். மனைவி தையல்காரம்மா. ஒரே மகள். எட்டு மாதத்துக்கு முன்பு தனக்குப் பிடித்தவனைப் பற்றி வீட்டில் சொன்னாள்; அப்பா வாசலைக் காட்டினார்; பெட்டியோடு போய்விட்டாள். அன்று மாலை நான்கு மணிக்கு, வேறு ஊரில், பதிவாளர் அலுவலகத்தில் அவளுக்குக் கல்யாணம். தையல்காரம்மா நேரில் போகாததற்கு முழங்கால் பாதிக் காரணம். மீதிக் காரணம் தரையில் உட்கார்ந்து ஒயரைத் திருகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரிலாவது பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் புது மோடம். எங்கள் கட்டிடத்துக்குள் செல்போனில் ஒரு ‘ஹலோ’ முழுசாக வந்து சேர்ந்தாலே பெரிய காரியம். படத்துக்கு எங்கே போவது?

பழைய மோடம் கருகிப்போய்விட்டதாக, மகள் போன அதே வாரம் லிப்ட்காரர் சொல்லியிருந்தார். மின்னலே இல்லாத வாரம் அது.

மணி மூன்றே கால். மோடத்தில் முதல் விளக்கு அசையாமல் எரிந்தது. இரண்டாவது கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கினார், முப்பது எண்ணினார், மறுபடி சொருகினார். பின்னால் இருக்கும் திருகை இறுக்கினார். அது மறுபடியும் சிமிட்டியது.

“நீங்க தள்ளுங்க” என்று தையல்காரம்மா ஜன்னலோரம் நின்று இன்டர்நெட் கம்பெனிக்கு, ஸ்பீக்கரில், போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

“மோடம் நல்லாதாம்மா இருக்கு. உங்க வீட்டுக்கு லைனே வரல. கீழ கேபிள் பொட்டி இருக்கும் பாருங்க, அதுல கழண்டிருக்கலாம்.”

“நான் போய்ப் பாக்கறேன்” என்று அவர் எழுந்தார். எழுந்த வேகம் சரியில்லை.

“வேண்டாம். நீங்க முப்பது எண்ணுங்க.”

அந்தப் பெட்டி மாடிப்படிக்கு அடியில், என் வாசலை ஒட்டி இருக்கிறது. மகள் போன மறுநாள் அவர் ஸ்பானரோடு அதன்முன் நின்றதை நான் பார்த்திருந்தேன். அவர் போனபின் மூடியைத் திறந்தும் பார்த்தேன். அதைச் சொல்லவும் வேண்டுமா? நல்லது கெட்டது எதையும் என் வாய் ஒரு பொழுது தாங்காது. ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்த பிறகு இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தையல்காரம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன். மூடியைத் திறந்தார். எல்லா வீட்டு ஒயரும் இருந்த இடத்தில் இருந்தது. ஒன்று மட்டும் தனியே தொங்கியது. அதன் கழுத்தில் கம்பியால் முறுக்கிய சிவப்பு அட்டை. லிப்ட் வேலையில் எதைக் கழற்றினாலும் இப்படி அட்டை கட்டுவார்கள். ‘வேலை நடக்கிறது, இணைக்காதே.’ கீழே தேதி, அவர் கையெழுத்து. திருட்டுத்தனமாகச் செய்த காரியத்திலும் மனிதர் தொழில் வழக்கத்தை விடவில்லை. காரணம் என்று அச்சிட்ட கோட்டில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

தையல்காரம்மா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

“அக்கா, நானே மாட்டிவிடறேன்” என்றேன்.

“கை வைக்காதே.”

மேலே ஏற அவருக்கு இன்னும் நேரம் பிடித்தது. மணி நாலாக எட்டு நிமிடம். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அட்டை தொங்குது” என்றார். “கட்டினவர்தான் எடுக்கணும், வேற யாரு எடுத்தாலும் வேலையை விட்டே அனுப்பிடுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க. நான் எடுக்கல.”

லிப்ட்காரர் சுவரைப் பார்த்தார், மோடத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் பட்டனைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினார். போனவர் சீக்கிரம் வரவில்லை. சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டியது. தையல்காரம்மா அசையவில்லை.

நாலு ஐந்துக்கு இரண்டாவது விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. மூன்றாவதும் நான்காவதும் வந்தன.

திரையில் மகள் தெரிந்தபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“தோள்ல சுருக்கம் விழுது” என்றார் தையல்காரம்மா. “யாரு தைச்சது?”

“கடையில வாங்கினதும்மா.” அவள் தோளை நீவிக்கொண்டாள். பிறகு, “உனக்குப் பின்னாடி யாரு, நீலச் சட்டை?”

மேலே வந்திருந்த லிப்ட்காரர் தன் தலை திரையில் தெரியாதபடிதான் நின்றிருந்தார். சட்டைப்பையில் சிவப்பு அட்டை.

“நான்தான்” என்றார். “ஒயரைச் சரிபண்ண வந்தேன்.”

“சரியாயிடுச்சாப்பா?”

“இப்பதான் வருது.”

தையல்காரம்மா நாற்காலியைச் சற்று நகர்த்தி இடம் விட்டார். அவர் உடனே உட்காரவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் தையல்காரம்மா அங்கே போனார், திரும்பவில்லை. நான்கு மாதம் தனியாகச் சமைத்துப் பார்த்துவிட்டு லிப்ட்காரரும் பெட்டி கட்டினார். மகள் வீடு ஏழாம் மாடியாம், அங்கே லிப்ட் இருக்கிறதாம். இரண்டாம் மாடிக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கிறார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை; விசாரித்துவிட்டேன்.