இடது காறை எலும்பு

உடற்கூறு டீச்சர் அந்தக் கையெழுத்தைக் கண்டதும் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் ‘இடது’ என்பதில் அந்த ‘இ’ வாலைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அழகைப் பாருங்கள்! வீட்டு ஃப்ரிட்ஜில் ‘இன்னைக்கு லேட்டாகும்’ என்று ஒட்டியிருக்கிற சீட்டிலும் அதே ‘இ’தான். எழுதியவள் கணவரின் தங்கை, சின்னவள்.

வகுப்பே ‘வலது’ என்று எழுதியிருந்தது. கேள்வியாக வைத்தது காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடுமே, அது. இடப்பக்கத்து எலும்புதான், ஆனால் வருஷம் முழுக்க ‘வலது’ என்று ஒட்டிய பெட்டியில் கிடந்தது. பிள்ளைகள் பெட்டியைப் படித்தார்களே தவிர எலும்பைப் படிக்கவில்லை. பெட்டி மாறிக் கிடந்தது டீச்சருக்கே பரீட்சைக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ‘எலும்பைப் பார்த்து எழுதட்டுமே’ என்று வீம்புக்கு அதையே கேட்டுவிட்டாள். அன்று பாத்திரம் துலக்கும்போது கணவரிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

அவரோ தங்கை என்றால் உருகிப்போகிறவர். அவள் காதில் போட்டுவிட்டாரா? இல்லை, அவளே கதவோரம் நின்று கேட்டாளா? கேள்வி முன்கூட்டித் தெரிந்திருந்தால் பூஜ்யம், பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று முதல் நாள் விதிகளை வாசித்ததே டீச்சர்தான். சொன்னபடி செய்தால் வீட்டில் முகம் பார்க்க முடியாது. செய்யாவிட்டால் வகுப்பில்.

சாயங்காலம் கணவரை ஓரங்கட்டினாள்.

“ஏங்க, அந்தப் பெட்டி விஷயத்தை உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?”

“எந்தப் பெட்டி?”

“நடிக்காதீங்க.”

“நீ பேசும்போது குழாய் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. சும்மா தலையாட்டினேன். எப்பவும் அப்படித்தானே?”

அதை நம்பலாம். ஆனால் சந்தேகம் அவரை விட்டதும் சின்னவளைப் பிடித்துக்கொண்டது.

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் காறை எலும்பை எடுத்து நீட்டினாள்.

“இது எந்தப் பக்கம்?”

“வீட்லயும் பரீட்சையா அண்ணி?” அவள் அதைத் தன் கழுத்தடியிலேயே வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள். “உருண்ட முனை நடுவுல, சப்பை முனை தோள்ல, சொரசொரப்பு கீழே... வலது.”

சரிதான்.

“அப்போ பரீட்சைல ‘இடது’ன்னு எழுதினியே, பெட்டி தப்புன்னு உனக்கு யார் சொன்னா?”

“பெட்டியா? பஸ் பிடிச்சு நான் வர்றதுக்குள்ள எலும்பெல்லாம் மேசைல கொட்டிக் கிடக்கும். பெட்டியை எங்க பார்த்தேன்? லேட்டா வந்ததுக்கு மார்க் குறைச்சது நீங்கதானே!”

குறைத்தது வாஸ்தவம். டீச்சர் மூச்சு விட்டாள். சின்னவளின் கை மட்டும் மடிப்பில் நின்றுவிட்டது.

“அது இருக்கட்டும் அண்ணி. பெட்டி தப்புன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

இதுவரை தன் கண்ணில் இருந்த சந்தேகம் இப்போது அந்தக் கண்ணில் இருந்ததை டீச்சர் பார்த்தாள். எலும்பைப் பைக்குள் திரும்பப் போட்டாள்.

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று, பெட்டி தப்பு, தெரிந்தும் சொல்லாதது தன் தப்பு, அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மார்க் உண்டு என்றாள். வகுப்பு விசிலடித்தது. வாலாட்டும் ‘இ’ இருந்த தாளைப் பக்கத்து அறை ஆசிரியரிடம் திருத்தக் கொடுத்தாள்.

வீட்டில் சின்னவள் காத்திருந்தாள்.

“யோசிச்சு எழுதின எனக்கு என்ன அண்ணி?”

“உன் மேல இருந்த சந்தேகம் போச்சுல்ல?”

“அதை எந்த மார்க்ல சேர்க்கிறது? லேட்டுக்குக் குறைச்சதைத் திருப்பிக் குடுங்க. பஸ் மேல சத்தியமா நான் நேரத்துக்குத்தான் கிளம்பறேன்.”

டீச்சரின் கண்ணுக்குப் பழைய சந்தேகம் திரும்பி வந்தது.

“எந்த பஸ்?”